ஆறு ஒத்த ரூபா காசு போதும்: பிள்ளைக்கு உயரம் எப்படி வருதுன்னு வீட்டுலயே செஞ்சு பாக்கலாம்

பொறந்த குழந்தைய பாக்கப் போனா நம்மாளுங்க தொட்டில எட்டிப் பாத்த உடனே பங்கு பிரிக்க ஆரம்பிச்சிருவாங்க. மூக்கு அப்பா வழி, நெத்தி அம்மாவப் பெத்த பாட்டி ஜாடை, காது அப்படியே தாத்தாவ உரிச்சு வெச்சிருக்கு, கலரு மட்டும் யாரைக் கொண்டு வந்துச்சுன்னு தெரியலயேன்னு ஒரு பெரியம்மா இழுப்பாங்க, பெத்தவ மூஞ்சி சுருங்கிரும். இந்தப் பேச்சு எல்லாத்துக்கும் அடியில ஒரே ஒரு நெனப்புதான் இருக்கு, ஒரு குணம்னா அது ஒரு ஆளு கிட்ட இருந்து முழுசா வரணும்ங்கிறது. மூக்கு ஒருத்தர் குடுத்தது, உயரம் இன்னொருத்தர் குடுத்ததுன்னு.

எங்க அக்கா பையன் பிளஸ் டூ படிக்கிறப்ப இதையே வேற மாதிரி கேட்டான். "மாமா, உயரம் டாமினன்ட், குட்டை ரிசசிவ்னு புக்குல இருக்கு, எங்கப்பா 175 சென்டிமீட்டர், அம்மா 152, அப்ப நான் ஒண்ணு 175 இருக்கணும் இல்லாட்டி 152 இருக்கணும்ல, நான் ஏன் 166?" நியாயமான கேள்விதான் (டாமினன்ட்னா ஒரு காப்பி இருந்தாலே வெளிய தெரியுறது, ரிசசிவ்னா ரெண்டு காப்பியும் அதுவா இருந்தாதான் தெரியுறது). பரம்பரைக் கணக்க மொதல்ல கண்டுபிடிச்ச மெண்டல் வெச்சிருந்த பட்டாணிச் செடில நெட்டை ஆறேழு அடி போகும், குட்டை ஒண்ணரை அடியத் தாண்டாது, நடுவுல எதுவுமே கிடையாது. அது ஒரே ஜீன் (பெத்தவங்க கிட்ட இருந்து பிள்ளைக்கு வர்ற பரம்பரைக் குறிப்பு) போடுற ஆட்டம். மனுஷன் உயரம் அப்படி இல்லயே, ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல நின்னு உள்ள வர்றவங்கள பாருங்க, 145-ல இருந்து 185 வரைக்கும் எல்லா அளவுலயும் ஆளு வரும், நடுவுல கூட்டம் ஜாஸ்தி, ரெண்டு ஓரத்துலயும் கம்மி.

மண்டபம்னு சொன்னதும் இன்னொண்ணு, மொய் நோட்டு. அவனுக்கு நான் அத வெச்சுதான் சொன்னேன். கல்யாணத்துல மொத்த மொய் எவ்வளவுன்னு கேட்டா ஒரு நம்பர் வரும். அது யாரு குடுத்தது? மாமா 5001 வெச்சிருப்பாரு, பக்கத்து வீட்டுக்காரர் 101, ஒருத்தர் 51, சில பேர் சாப்ட்டுட்டு கவர்ல வெறும் வாழ்த்து மட்டும் எழுதி வெச்சிட்டுப் போயிருப்பாங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஒரு பக்கம், பொண்ணு வீட்டு ஆளுங்க ஒரு பக்கம். கடைசில நீங்க பாக்குறது கூட்டுத்தொகை மட்டும்தான். உயரம், தோல் நிறம், சர்க்கரை வர்ற வாய்ப்பு, ரத்த அழுத்தம் எல்லாமே இந்த மொய் கணக்கு மாதிரிதான், பல ஜீனு கொஞ்சம் கொஞ்சமா போட்டு வர்ற தொகை. இதத்தான் பாலிஜீனிக்னு சொல்றாங்க.

ஆனா சொன்னா புரியாது, செஞ்சு பாக்கணும். நான் ரெண்டு மூணு பசங்களுக்கு செஞ்சு காட்டியிருக்கேன், பத்தாங்கிளாஸ் பையன்ல இருந்து பேரன் ஏன் கறுப்புன்னு கவலைப்பட்ட ஒரு பாட்டி வரைக்கும் எல்லாருக்கும் ஏறுச்சு, அதனால எழுதுறேன்.

தேவையானது

ஒத்த ரூபா காசு ஆறு, ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு கை புளியங்கொட்டை (இல்லன்னா கொண்டக்கடலை, எதுவா இருந்தாலும் ஓகே, உருண்டு ஓடாம இருந்தா சரி), பழைய காலண்டர் தாள் ஒண்ணு, ஸ்கெட்ச் பென், லூடோ டைஸ் ஒண்ணு. அரைமணி நேரம். சத்தம் வரும், அதனால வீட்டுல யாராச்சும் தூங்குறப்ப செய்யாதீங்க, இல்லன்னா தரைல ஒரு பெட்ஷீட் விரிச்சு அதுல கொட்டுங்க.

காலண்டர் தாள திருப்பிப் போட்டு அடில ஒரு கோடு போட்டு 0, 1, 2, 3, 4, 5, 6-ன்னு ஏழு கட்டம் எழுதிக்கோங்க. ஒவ்வொரு நம்பருக்கும் கீழ உயரமும் எழுதுங்க, 0-க்கு 150, 1-க்கு 155, இப்படி அஞ்சஞ்சா ஏத்தி 6-க்கு 180. இது நம்ம விளையாட்டுக்கு நாமளே வெச்ச கணக்கு, நெசத்துல எந்த ஜீனும் முழுசா அஞ்சு சென்டிமீட்டர் தூக்கிக் குடுக்காது, அத அப்புறம் சொல்றேன்.

மொதல் ஆட்டம்

ஆறு காசுன்னா மூணு ஜீனு. ஏன் ஆறுன்னா ஒவ்வொரு ஜீனும் நம்ம கிட்ட ரெண்டு காப்பி இருக்கும், ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. தலை விழுந்தா அது உயரத்துக்கு மொய் வைக்கிற காப்பி, அஞ்சு சென்டிமீட்டர். பூ விழுந்தா வாழ்த்து கவர், ஒண்ணும் இல்ல. ஆறையும் டம்ளர்ல போட்டு குலுக்கி கொட்டுங்க, எத்தன தலைன்னு எண்ணுங்க, அந்த நம்பர் மேல ஒரு புளியங்கொட்டை. அவ்ளோதான் ஒரு பிள்ளை பொறந்தாச்சு. இதே மாதிரி 64 தடவை. கொட்டைய ஒண்ணு மேல ஒண்ணா வரிசையா நேரா அடுக்கிட்டே போங்க, கோணலா வெச்சா கடைசில உருவம் தெரியாது.

இங்க ஒரு விஷயத்த நல்லா கவனிங்க, எந்த காசு தலைன்னு நாம பாக்கவே இல்ல, எத்தன தலைங்கிறது மட்டும்தான் கணக்கு. இதுதான் மெண்டல் பட்டாணிக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசமே, இங்க ஒருத்தன் இன்னொருத்தன அமுக்கிட்டு நிக்கிறதில்ல, டாமினன்ட் ரிசசிவ் பேச்சே இல்ல, எல்லாம் கூட்டல்தான். ரெண்டு தலை முதல் ஜீன்ல இருந்தாலும் சரி, முதல்ல ஒண்ணு மூணாவதுல ஒண்ணு இருந்தாலும் சரி, உயரம் அதே 160.

64 முடிஞ்சதும் தாள பாருங்க. கணக்குப்படி வரவேண்டியது 1, 6, 15, 20, 15, 6, 1. நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு, கவுத்து வெச்ச கோயில் மணி மாதிரி. உங்களுக்கு அச்சு அசலா இந்த நம்பர் வராது, வந்தா யாரோ ஏமாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். நாங்க போட்டப்ப 0, 7, 13, 22, 14, 8, 0 வந்துச்சு, ரெண்டு ஓரமும் காலி, பையன் தப்பு பண்ணிட்டோம்னு திரும்பப் போட ஆரம்பிச்சான். தப்பெல்லாம் இல்ல. 64-ல ஒண்ணுன்னா 64 தடவ போட்டா கட்டாயம் ஒண்ணு வரும்னு இல்ல, ஒரு குறிப்பிட்ட ஓரம் காலியா போறதுக்கு வாய்ப்பு நூத்துக்கு 36-க்கு மேலயே இருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களையும் கூப்ட்டு ஆளுக்கு 64 போட்டு எல்லாத்தையும் ஒரே தாள்ல சேத்தீங்கன்னா உருவம் அழகா வந்துரும்.

இந்த 1, 6, 15, 20 எங்கயோ பாத்த மாதிரி இருக்குன்னு தோணும், பிளஸ் டூ தாவரவியல்ல கோதுமை கணக்கு வரும்ல, அதே வகைதான். ஸ்வீடன்ல நில்சன் ஏலேன்னு ஒருத்தர், 1909-ல, கோதுமை மணியோட நிறத்த வெச்சு இத நெசமாவே செஞ்சு காட்டினாரு. கருஞ்சிவப்பு மணி கோதுமையையும் வெள்ளை மணி கோதுமையையும் சேத்தாரு, முதல் தலைமுறை எல்லாமே நடுத்தரச் சிவப்பு. பாத்தா என்ன தோணும், ரெண்டு பெயின்ட்ட கலக்கின மாதிரி கலந்துருச்சு, இனி பழைய நிறம் வரவே வராதுன்னு. ஆனா அந்த நடுத்தரத்த அதுக்குள்ளயே சேத்தப்ப அடுத்த தலைமுறைல கருஞ்சிவப்புல இருந்து வெளிர் சிவப்பு வரைக்கும் எல்லா ஷேடும் வந்துச்சு, சில வரிசைல 64-க்கு ஒண்ணு சுத்த வெள்ளை. அதாவது பெயின்ட் கலக்கல, காசு காசா தனித்தனியாவேதான் இருந்துச்சு, கூட்டுத்தொகை மட்டும் நடுவுல நின்னுச்சு. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பேரன் பாட்டன் கலர்ல பொறந்தா ஆச்சரியப்படுறதுக்கு எதுவுமே இல்லங்கிறது இந்த ஒரு கோதுமை வயல்லயே முடிஞ்சு போச்சு.

ரெண்டாவது ஆட்டம், இதுதான் முக்கியம்

மொதல் ஆட்டம் ஊர்ல உள்ள எல்லாருக்கும். இப்ப ஒரு குறிப்பிட்ட அப்பா, ஒரு குறிப்பிட்ட அம்மா, அவங்களுக்குப் பொறக்கப் போற பிள்ளைங்க. தாள்ல அப்பாவுக்கு மூணு ஜோடி எழுதுங்க: தலை-தலை, தலை-பூ, தலை-பூ. மொத்தம் நாலு தலை, உயரம் 170. அம்மாவுக்கு: தலை-பூ, தலை-பூ, பூ-பூ. ரெண்டு தலை, 160. (ஆம்பள பொம்பள உயர வித்தியாசத்த இப்போதைக்கு மறந்துருங்க, அது வேற கணக்கு, பின்னாடி வருது.)

பிள்ளைக்கு ஒவ்வொரு ஜோடில இருந்தும் ஒண்ணுதான் போகும். ஜோடி தலை-தலையா இருந்தா சுண்டவே வேண்டாம், கண்டிப்பா தலைதான் போகும். பூ-பூன்னாலும் அப்படித்தான், ஒண்ணும் போகாது. தலை-பூ இருக்கிற எடத்துல மட்டும் காசு சுண்டணும். அப்ப இந்த அப்பா கிட்ட ஒரு தலை நிச்சயம், ரெண்டு சுண்டு. அம்மா கிட்ட ரெண்டு சுண்டு. மொத்தம் நாலு காசு சுண்டுறீங்க, அதுல வர்ற தலையோட ஒண்ணு கூட்டிக்கிறீங்க. ஒரு 32 பிள்ளை பெத்துப் பாருங்க, அந்தக்காலத்து ஜமீன்தார் கூட இவ்வளவு பெத்திருக்க மாட்டாரு, பரவால்ல.

16-க்கு ஆறு பேர் நடுவுல, 165. நாலு பேர் அப்பா அளவு 170, நாலு பேர் அம்மா அளவு 160. மிச்சம் ரெண்டு பேர்தான் கதையே. ஒருத்தன் 175, அப்பாவ விட உயரம். ஒருத்தி 155, அம்மாவ விட குட்டை. அப்பா அம்மா ரெண்டு பேருமே 175 இல்ல, அப்ப அந்த 175 எங்கிருந்து வந்துச்சு? அப்பா கிட்ட இருந்து மூணு தலை, அம்மா கிட்ட இருந்து ரெண்டு தலை, ரெண்டு பேர் கிட்டயும் மறைஞ்சு கெடந்ததெல்லாம் ஒண்ணா ஒரே கைல வந்து விழுந்துருச்சு. "எங்க ரெண்டு வீட்டுலயும் இவ்வளவு உயரம் யாருமே கிடையாது"ன்னு சொல்ற வீடுகள்ல பாதி இந்தக் கதைதான், சந்தேகப்பட ஒண்ணும் இல்ல.

அடுத்து இத கண்டிப்பா செஞ்சு பாருங்க, நெறைய பேர் விட்டுருவாங்க. ரெண்டு ஜோடிப் பெத்தவங்கள எழுதுங்க, நாலு பேருமே 165. முதல் ஜோடி: அப்பாவும் அம்மாவும் எல்லா ஜீன்லயும் தலை-பூ. ரெண்டாவது ஜோடி: அப்பா தலை-தலை, பூ-பூ, தலை-பூ, அம்மா பூ-பூ, தலை-தலை, தலை-பூ. வெளிய பாத்தா நாலு பேரும் ஒரே உயரம், டேப் வெச்சு அளந்தாலும் ஒண்ணுதான். முதல் ஜோடிக்குப் பிள்ளைங்க 150-ல இருந்து 180 வரைக்கும் எங்க வேணா வரலாம், ஆறு காசு சுண்டணும். ரெண்டாவது ஜோடிக்கு ரெண்டே காசுதான் சுண்டணும், 160, 165, 170, அதுக்கு மேலயும் கீழயும் வாய்ப்பே இல்ல. உயரத்த மட்டும் பாத்துட்டு பிள்ளை எப்படி வரும்னு அடிச்சு சொல்றவங்க வாய அடைக்கிறதுக்கு இந்த ஒரு ஆட்டம் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை, நாம ஒவ்வொரு காசையும் தனித்தனியா சுண்டுறோம், ஆனா நெசத்துல ஒரே குரோமோசோம்ல (ஜீனுங்கள வரிசையா கோத்து வெச்சிருக்கிற இழை) பக்கத்துல பக்கத்துல இருக்கிற ஜீனுங்க ஒரே கயித்துல கட்டின மாதிரி சேந்தே போகும், 23 ஜோடி குரோமோசோம்தான் இருக்கு, ஜீனோ சுமார் 20,000, அதனால எல்லாமே தனித்தனி சுண்டு கிடையாது. ஆட்டத்தோட சாரம் இதனால மாறாது.

டைஸ் எதுக்கு

இதுவரைக்கும் ஏழு படிக்கட்டுதான் இருக்கு, 150, 155, 160. மண்டபத்து வாசல்ல 162, 163, 167.5 எல்லாம் வர்றாங்களே? ரெண்டு காரணம். ஒண்ணு ஜீன் எண்ணிக்கை ஜாஸ்தி. 20 காசு கிடைச்சா பத்து ஜீன் ஆட்டம் ஆடிப் பாருங்க, ஒவ்வொரு தலைக்கும் ஒண்ணரை சென்டிமீட்டர், அதே 150-ல இருந்து 180, ஆனா 21 படி. எல்லாமே தலை விழுறதுக்கு பத்து லட்சத்து 48 ஆயிரத்து 576-ல ஒண்ணுதான் வாய்ப்பு, அதனால ஓரம் ரெண்டும் கிட்டத்தட்ட ஆளே இல்லாம போயி நடுவுல கூட்டம் நெருக்கிட்டு நிக்கும்.

ரெண்டாவது, சாப்பாடு, சின்ன வயசுல வந்த நோய், தூக்கம், இதெல்லாம். இதுக்குத்தான் டைஸ். காசு சுண்டி உயரம் எழுதின அப்புறம் டைஸ உருட்டுங்க, 1 விழுந்தா 4 சென்டிமீட்டர் கழிங்க, 2-க்கு 2 கழிங்க, 3, 4-க்கு ஒண்ணும் இல்ல, 5-க்கு 2 கூட்டுங்க, 6-க்கு 4 கூட்டுங்க. இப்ப படிக்கட்டு மங்கிப் போயி சரிவுப் பாதை மாதிரி ஆயிரும், 20 காசு ஆட்டத்துல 164 உயரத்துல ஒருத்தர் நின்னா அவரு எட்டு தலையோட நல்ல சாப்பாடு கிடைச்சவரா, பன்னெண்டு தலையோட சரியான சாப்பாடு கிடைக்காதவரான்னு வெளிய இருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

சாப்பாட்டுக்கு இவ்வளவு வலு இருக்கான்னு கேப்பீங்க. தென்கொரியாவுல 1896-ல பொறந்த பொண்ணுங்களையும் 1996-ல பொறந்த பொண்ணுங்களையும் ஒப்பிட்டா சராசரி உயரம் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு. நூறு வருஷத்துல ஜீன் அவ்வளவு மாறாது, மூணு நாலு தலைமுறைதான. காசு அதேதான், டைஸ்தான் மாறுச்சு.

இந்த டைஸ் ஆட்டத்துல இன்னொரு நல்ல விஷயம் ஒளிஞ்சிருக்கு. ரொம்ப உயரமா வந்தவங்கள மட்டும் தாள்ல வட்டம் போடுங்க. அவங்கள்ல நெறைய பேருக்கு தலையும் ஜாஸ்தி விழுந்திருக்கும், டைஸும் 5, 6 விழுந்திருக்கும், ரெண்டு அதிர்ஷ்டமும் சேந்துதான் உச்சிக்குப் போயிருக்காங்க. ஆனா பிள்ளைக்குப் போறது காசு மட்டும்தான், டைஸ் அதிர்ஷ்டம் போகாது, பிள்ளை தன் டைஸ தானே உருட்டணும். அதனால ரொம்ப உயரமான அப்பா அம்மாவோட பிள்ளைங்க ஊர் சராசரிய விட உயரமாத்தான் இருப்பாங்க, ஆனா சராசரியா பாத்தா பெத்தவங்க அளவுக்கு இருக்க மாட்டாங்க. ரொம்பக் குட்டையா இருக்கிறவங்களுக்கும் அதே மாதிரி, பிள்ளை கொஞ்சம் மேல ஏறி வரும். இங்கிலாந்துல பிரான்சிஸ் கால்டன் 1886-ல 205 ஜோடி பெத்தவங்க, அவங்களோட வளந்த பிள்ளைங்க 928 பேர் உயரத்த வெச்சு இத கண்டுபிடிச்சாரு, பொம்பளைங்க உயரத்த 1.08-ஆல பெருக்கி ஆம்பள அளவுக்கு மாத்திக்கிட்டுத்தான் கணக்கே போட்டாரு. ஏன் இப்படி ஆகுதுன்னு அவருக்கு சரியான விளக்கம் கிடைக்கல, ஜீன் பத்தி தெரியாத காலம். (இதே மனுஷன்தான் "நல்ல" மனுஷங்கள மட்டும் பெருக்கணும்ங்கிற யூஜெனிக்ஸ் பேச்சையும் ஆரம்பிச்சு வெச்சாரு, அந்த விஷயத்துல அவரு மேல எனக்கு மரியாதை இல்ல.)

அப்புறம் 1900-க்கு மேல மெண்டல் வேலைய தூசி தட்டி எடுத்தப்ப பெரிய சண்டை. ஒரு கோஷ்டி, குணம்னா நெட்டை குட்டைன்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாத்தான் வரும்னுச்சு, இன்னொரு கோஷ்டி, எங்க டேப்ல அளந்தா நடுவுல எல்லாமே வருதே, உங்க மெண்டல் மனுஷனுக்கு ஒத்து வரமாட்டாருன்னுச்சு. 1918-ல ரொனால்ட் ஃபிஷர்னு ஒரு புள்ளியியல்காரர், அப்ப அவருக்கு 28 வயசு, ரெண்டும் ஒண்ணுதான்யான்னு கணக்கு போட்டுக் காட்டிட்டாரு, நெறைய மெண்டல் ஜீன கூட்டினா கால்டனோட மணி உருவம் தானா வந்துரும்னு. இப்ப நீங்க புளியங்கொட்டைல பண்ணினீங்கல்ல, அதேதான், அவரு காகிதத்துல பண்ணினாரு.

நெசத்துல எத்தன காசு

மூணு இல்ல, பத்தும் இல்ல. 2022-ல சுமார் 54 லட்சம் பேரோட டிஎன்ஏவ வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, உயரத்தோட சம்பந்தப்பட்ட எடம் 12,111 கிடைச்சுது. ஒவ்வொண்ணும் வைக்கிற மொய் ரொம்பச் சின்னது, பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு, அதுக்கும் கீழ. இதுல ஒரு சிக்கலும் இருக்கு, அந்த 54 லட்சத்துல பெரும்பாலானவங்க ஐரோப்பிய வம்சாவளி. அந்த எடங்கள வெச்சு ஐரோப்பியர்களுக்குள்ள இருக்கிற உயர வேறுபாட்டுல சுமார் 40 சதவீதத்த விளக்க முடியுது, மத்தவங்களுக்கு 10-ல இருந்து 20 சதவீதம்தான். அதனால எச்சில் துப்பி அனுப்புங்க, உங்க பிள்ளை எவ்வளவு உயரம் வருவான்னு சொல்றோம்னு யாராச்சும் காசு கேட்டா, நம்ம ஊர் பிள்ளைக்கு அந்தக் கணக்கு இன்னும் சரியா பொருந்தாதுங்கிறத ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்தக் காச பிள்ளைக்கு முட்டை வாங்கிக் குடுங்க.

இன்னொண்ணு, உயரம் 80 சதவீதம் பரம்பரைன்னு படிச்சிருப்பீங்க, இரட்டைப் பிள்ளைங்கள வெச்சு பண்ணின ஆய்வுல இருந்து வந்த நம்பர் அது. உடனே என் 170-ல 136 சென்டிமீட்டர் ஜீன் குடுத்தது, 34 சாப்பாடு குடுத்ததுன்னு பிரிச்சிராதீங்க. ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல எவ்வளவு ஜீன் வித்தியாசத்தால வருதுங்கிறதுதான் அது, ஒரு தனி ஆளோட உயரத்தப் பத்தி அது எதுவும் சொல்லாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நல்ல சாப்பாடு கிடைக்கிற ஊர்ல அந்த நம்பர் ஏறும், பாதிப் பேர் பட்டினி கெடக்கிற ஊர்ல எறங்கும்.

உங்க வீட்டு அளவு எடுக்கிறது

காசு ஆட்டம் முடிஞ்சா டேப்ப எடுங்க. காலைல எழுந்த கொஞ்ச நேரத்துலயே அளக்கணும், சாயங்காலத்துக்குள்ள முதுகெலும்பு நடுவுல இருக்கிற தட்டு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் கிட்ட கொறஞ்சிரும், அதனால எல்லாரையும் ஒரே நேரத்துல அளந்தாதான் ஒப்பிட முடியும். செருப்பு இல்லாம, குதிகால் செவுத்துல ஒட்டி, தலைல கொண்டை போட்டிருந்தா அவுத்துட்டு, கெட்டி அட்டை புக் ஒண்ண தலை மேல படுக்க வெச்சு செவுத்துல பென்சில் கோடு. புது பெயின்ட் அடிச்ச வீடா இருந்தா வீட்டுக்காரம்மா கிட்ட மொதல்ல கேட்டுக்கோங்க.

குழந்தை டாக்டருங்க போடுற ஒரு எளிய கணக்கு இருக்கு. பையன்னா அப்பா உயரம் கூட்டல் அம்மா உயரம் கூட்டல் 13, அத ரெண்டால வகுக்கணும். பொண்ணுன்னா 13-அ கூட்டுறதுக்குப் பதிலா கழிக்கணும். அப்பா 172, அம்மா 155-ன்னா பையனுக்கு 170, பொண்ணுக்கு 157. அந்த 13 சென்டிமீட்டர்தான் நாம ஆட்டத்துல மறந்துட்ட ஆம்பள பொம்பள வித்தியாசம். இதுக்கு மேலயும் கீழயும் சுமார் எட்டரை சென்டிமீட்டர் போகலாம், அப்ப அந்தப் பையன் 161.5-ல இருந்து 178.5 வரைக்கும் எங்க வந்தாலும் அது சாதாரணம்தான். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு எதுக்கு கணக்குன்னு அக்கா பையன் கேட்டான், ரெண்டாவது ஆட்டத்துல நீ பெத்த 32 பிள்ளையும் ஒரே உயரமாடான்னு திருப்பிக் கேட்டேன், சிரிச்சிட்டான். இந்தக் கணக்கு எதுக்குன்னா பிள்ளை வளர்ச்சி இந்த வட்டத்துக்கு ரொம்ப வெளிய போகுதா, வளர்ச்சி சார்ட்ல வழக்கமான கோட்ட விட்டு எறங்குதான்னு பாக்கத்தான், அப்படி எறங்கினா டாக்டர் கிட்ட காட்டணும், காம்ப்ளான் டப்பாவ மாத்துறதுல பிரயோஜனம் இல்ல.

கலர் பேச்சு

இத எழுதாம முடிக்க முடியாது, ஏன்னா நம்ம வீடுகள்ல உயரத்த விட இதுதான் ஜாஸ்தி அழ வைக்குது. புக்குல சுலபத்துக்காக தோல் நிறத்துக்கு மூணு ஜீன்னு போட்டிருப்பாங்க, உண்மைல பல டஜன். அதுல ஒண்ணு கொஞ்சம் பெரிய மொய் வைக்கிற ஜீன், எஸ்எல்சி24ஏ5-ன்னு பேரு, 2005-ல கோடு போட்ட சின்ன மீன் ஒண்ணு இருக்குல்ல, ஜீப்ரா மீன், அதுல நிறம் வெளிறின ஒரு ரகத்த ஆராயப் போயி மனுஷனுக்கும் அதே ஜீன்தான்னு கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன் செய்யிற புரோட்டீன்ல 111-வது எடத்துல ஒரே ஒரு எழுத்து மாறினா நிறம் கொஞ்சம் வெளுக்கும். ஐரோப்பால கிட்டத்தட்ட எல்லார் கிட்டயும் அந்த மாறின காப்பிதான் இருக்கு. நம்ம நாட்டுலயோ ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் அதோட அளவு ஏறி எறங்கும், ஒரே வீட்டுக்குள்ளயே ஒருத்தர் தலை-தலை, ஒருத்தர் தலை-பூ, ஒருத்தர் பூ-பூன்னு இருக்கலாம். இதோட மிச்ச ஜீனுங்க போடுற சில்லறையும் சேந்தா, ஒரே வயித்துல பொறந்த அண்ணன் மாநிறமாவும் தங்கச்சி கறுப்பாவும் இருக்கிறது ரெண்டாவது ஆட்டத்துல 175-உம் 155-உம் வந்த மாதிரிதான், அதிசயம் ஒண்ணும் இல்ல.

குங்குமப்பூ இந்தக் காசுல ஒண்ணையும் திருப்பிப் போடாது. கரு உருவான அன்னிக்கே சுண்டி முடிஞ்சு போச்சு, அஞ்சாம் மாசம் பால்ல கலந்து குடிச்சா பாலுக்குத்தான் கலர் வரும். பொறந்த உடனே பாத்த நிறத்த வெச்சும் முடிவு பண்ணாதீங்க, மாசக்கணக்குல அது ஏறிட்டே வரும். அந்தப் பெரியம்மா யாரைக் கொண்டு வந்துச்சுன்னு கேட்டா, ரெண்டு பக்கமும் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் வெச்சிருக்காங்க பெரியம்மா, நீங்களும்தான்னு சொல்லிருங்க.

பரீட்சைக்குப் படிக்கிற பசங்களுக்கு மட்டும்

ரெண்ட போட்டு குழப்பிக்காதீங்க. ஏ, பி, ஓ ரத்த வகை பாலிஜீனிக் கிடையாது, அது ஒரே ஜீனுக்கு மூணு விதமான அல்லீல் (ஒரே ஜீனோட வெவ்வேற வடிவம்), உங்க கிட்ட அதுல ரெண்டுதான் இருக்கும். பல அல்லீல்ங்கிறது வேற, பல ஜீன்ங்கிறது வேற. அதே மாதிரி எல்லா குணமும் பாலிஜீனிக்கும் இல்ல, சிக்கிள் செல் நோய் ஒரே ஜீன்தான், அதுக்கு மெண்டல் கட்டமே போதும், காசு குலுக்க வேண்டாம். உயரத்துலயே கூட ஒரே ஜீன் ஆட்டத்த மாத்திப் போடுற கேஸ் உண்டு, அகான்ட்ரோபிளேசியான்னு குட்டையா வளர்ற நிலை, எஃப்ஜிஎஃப்ஆர்3-ங்கிற ஒரு ஜீன்ல வர்ற மாற்றம், அந்தக் குழந்தைங்கள்ல அஞ்சுல நாலு பேருக்கு அப்பா அம்மா சாதாரண உயரம்தான், மாற்றம் புதுசா வந்தது.

கணக்கு கேட்டா இத ஞாபகம் வெச்சுக்கோங்க. எல்லாம் தலை-பூவா இருக்கிற ரெண்டு பேர சேத்தா, ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரு ஜீன்னா 4-ல ஒண்ணு, ரெண்டு ஜீன்னா 16-ல ஒண்ணு, மூணுன்னா 64-ல ஒண்ணு, நாலுன்னா 256-ல ஒண்ணு, ஒவ்வொரு ஜீனுக்கும் நாலால பெருக்கிட்டே போகணும். எத்தன வகை வரும்னா ஜீன் எண்ணிக்கைய ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டணும், மூணு ஜீனுக்கு ஏழு, நாலுக்கு ஒம்போது. கேள்விய திருப்பிப் போட்டு, 1,024 செடில சுமார் நாலு செடி மட்டும் சுத்த வெள்ளை, எத்தன ஜீன்னு கேப்பாங்க. 1,024-அ நாலால வகுத்தா 256-ல ஒண்ணு, அப்ப நாலு ஜீன். நடுவுல எத்தன வரும்னு மறந்துருச்சுன்னா பேனா மூடில இருந்து கணக்கு வராது, ஒரு பாஸ்கல் முக்கோணத்த (மேல இருக்கிற ரெண்டு நம்பர கூட்டி கீழ எழுதிட்டே போறது) ஓரமா போட்டுக்கோங்க, ஆறாவது வரில 1, 6, 15, 20, 15, 6, 1 அப்படியே நிக்கும், ஆனா உச்சில இருக்கிற ஒத்த 1-அ பூஜ்யமாவது வரின்னு எண்ணணும், அங்கதான் எல்லாரும் ஒரு வரி தப்பா எடுத்துட்டு மார்க் விடுறாங்க.